வாதரக்தமும் உணவு நியமமும்

வாதரக்தம் என்பது உதிரத்தில் யூரிக் அமிலம் மிகுந்து, அதன் உப்பு ஊசி போன்ற நுண்படிகங்களாக மூட்டுக்களில் தங்குவதால் உண்டாகும் நோயாகும். கீல்வாதம் என்று பொதுவாக வழங்கும் நோய்களுள் ஒன்றாகிய இதனை ஆங்கில வைத்தியர் கௌட் என்பர். நன்றாக உறங்கிக்கொண்டிருந்தவர் பின்னிரவில் கால் பெருவிரலின் அடிமூட்டுச் சிவந்து வீங்கிக் கனல, போர்த்திய வேட்டியின் பாரத்தையும் பொறுக்கமாட்டாமல் விழித்தெழுவது இந்நோயின் பிரசித்தமான முதல் இலக்கணம். பெரும்பாலும் இரண்டு வாரத்திற்குள் வலி தானே தணிந்துவிடுவதால் நோய் நீங்கிற்றென்று மயங்குவோர் பலர். படிகங்களோ மூட்டை விட்டு அகலுவதில்லை.

வரலாறு: சரக சம்ஹிதையின் சிகித்சா ஸ்தானத்து 29-ஆம் அத்தியாயம் வாதரக்தத்தைப் பற்றியதேயாகும். மது, உலர்ந்த மாமிசம், நீர்வாழ் பிராணிகளின் மாமிசம், பகலுறக்கம் முதலியவற்றை அது ஹேதுக்களாகக் கூறுகிறது. நோயாளரின் உதிரத்தில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதை 1848-இல் லண்டன் வைத்தியர் ஆல்பிரட் காரட் நிரூபித்தார்.

காரணம்: உயிரணுக்களிலுள்ள பியூரின் என்னும் பொருள் சிதைவதால் யூரிக் அமிலம் பிறக்கிறது. இதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சரீரத்திலேயே உண்டாவது. உணவால் வருவது எஞ்சிய ஒரு பங்கே. 100 மில்லிலிட்டர் உதிரத்தில் 6.8 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் அது கரைந்து நிற்கமாட்டாது. பெரும்பாலோர்க்குச் சிறுநீரகம் அதைப் போதிய அளவு வெளியேற்றாமையே மூலகாரணம். பரம்பரையும், உடற்பருமனும், சில நீரிறக்கும் மருந்துகளும் இதற்குத் துணைபோகின்றன.

உணவின் பங்கு: அமெரிக்காவில் 47,150 ஆடவரைப் பன்னிரண்டு ஆண்டுகள் கவனித்து 2004-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, இறைச்சியும் கடலுணவும் மிகுதியாக உண்டோர்க்கு இந்நோய் அதிகமென்றும், பாலும் தயிரும் உண்டோர்க்குக் குறைவென்றும், பியூரின் மிகுந்த காய்கறிகளால் தீங்கு காணப்படவில்லை என்றும் தெரிவித்தது. பருப்பையும் கீரையையும் அடியோடு விலக்கச் சொல்லும் வழக்கத்துக்கு ஆதாரமில்லை என்பது இதனால் விளங்கும். மதுவகைகளுள் பீர் மிகவும் கொடியது.

கடலூர் வட்டாரத்தில்: கடலூர் முதுநகரிலும் பரங்கிப்பேட்டையிலும் கரையேறும் மத்தியும் நெத்திலியும் பியூரின் மிகுந்தவை. கருவாடாக உலர்த்துகையில் நீர் வற்றுவதால், அதே எடைக்குப் பச்சை மீனைவிடப் பியூரின் கூடுதலாகும். இறைச்சியை வேகவைத்தால் பியூரின் நீரில் இறங்கிவிடுமாதலால், மூட்டுவலிக்கு நல்லதென்று பருகும் சூப்பு இந்நோயாளர்க்கு உகந்ததன்று. பண்ருட்டியை அடுத்த காடாம்புலியூர்ப் பகுதியின் செல்வங்களாகிய பலாவையும் முந்திரியையும் முற்றும் துறக்க வேண்டியதில்லை. பழச்சர்க்கரை ஈரலில் சிதையும்போது யூரிக் அமிலத்தைப் பெருக்குமாதலால், பலாச்சுளையை அளவோடு உண்பதும், சர்க்கரை கலந்த புட்டிப் பானங்களை விலக்குவதும் சாலும். முந்திரிப் பருப்பில் பியூரின் அதிகமில்லையாயினும், கொழுப்பு மிகுதியால் உடல் பருக்காதபடி உண்ண வேண்டும். கோடையில் முந்திரித் தோப்புக்களில் வெயிலில் உழைப்போர்க்கு உடலின் நீர் வற்றுவதே வலி கிளம்ப ஏதுவாகலாம். அவர்கள் தண்ணீரும் மோரும் அடிக்கடி பருகுதல் நன்று. கடும்பட்டினியும் வலியைத் தூண்டும். உடல் எடையைப் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

சிகிச்சை: தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் உள்ள கோல்ச்சிசின், திடீர் வலியைத் தணிக்கும் மருந்தாகும், ஆனால் அக்கிழங்கை வீட்டில் அரைத்து உண்பது உயிருக்கே ஆபத்து. யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபியூரினால் என்னும் மருந்து 1960-களில் வழக்குக்கு வந்தது; அதன் ஆக்கத்தில் பங்குகொண்ட கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் 1988-இல் நோபல் பரிசு பெற்றனர். அல்லோபியூரினாலைத் தொடங்கிய சில மாதங்களில் வலி மீண்டும் தோன்றக்கூடும், அதற்கஞ்சி நிறுத்தலாகாது.

உணவு நியமத்தால் மட்டும் யூரிக் அமிலம் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் அளவே குறையும். அதனை 6 மில்லிகிராமுக்குக் கீழே நிறுத்தப் பலருக்கும் நெடுங்கால மருந்து அவசியம். ஆகவே பத்தியத்தை மருந்துக்குத் துணையாகக் கொள்ள வேண்டுமேயன்றி, பத்தியத்தை நம்பி மருந்தைக் கைவிடலாகாது.