உன்சர்: எங்களா, நம்மா?

ஜெர்மன் கத்துக்கிற நம்மாளுங்க முதல்ல முழிக்கிறது 'ஈயர்'ல. அவளோட, அவங்களோட, மரியாதையா உங்களோட, எல்லாத்துக்கும் அதேதான். 'உன்சர்' ஈஸி, நம்ம, எங்க ரெண்டுக்கும் ஒண்ணே போதும்.

இப்போ தலைகீழா பாருங்க. 1706-ல் தரங்கம்பாடி வந்த ஜெர்மானியர் சீகன்பால்கு, பள்ளிப் பிள்ளைகளோட உட்கார்ந்து மணல்ல எழுதித் தமிழ் படிச்சவர். லத்தீனில் அவர் எழுதின தமிழ் இலக்கணம் 1716-ல் ஹாலே நகரில் அச்சாச்சு. லூத்தரன் பாதிரியாரான அவருக்குப் பழகின ஜெபம் 'ஃபாட்டர் உன்சர்'னு ஆரம்பிக்கும்.

தமிழில் அந்த உன்சர் என்ன? கடவுள்கிட்டயே 'நம் தந்தையே'ன்னா அவருக்கும் ஒரு அப்பா வந்துடுவார் :-) அதான் தமிழ் ஜெபத்தில் 'எங்கள்'. ஆனா சபையைப் பார்த்துப் பிரசங்கம் பண்ணும்போது 'எங்கள் தந்தை'ன்னா, எதிர்ல உட்கார்ந்திருக்கிறவங்க அத்தனை பேரும் வெளியே!