புள்ளலூரும் ஒரு பூந்தோட்ட மாளிகையும்

மன்னர்கள் எழுப்பிய மனைகளை இருவகையாகப் பகுத்து நோக்கலாம். மதிலும் அகழியும் சூழக் கோட்டைக்குள் நிற்கும் அரண்மனை ஒருவகை. ஊரின் ஆரவாரத்திற்கு அப்பால் ஆற்றங்கரைச் சோலையில் ஓய்வு நாடிக் கட்டப்பெற்ற தோட்ட மாளிகை மற்றொரு வகை. முன்னது மன்னனின் வலிமையைக் கூறும். பின்னது அவன் மனத்தைக் கூறும். சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வாழ்ந்த கோட்டை அரண்மனை இன்று இல்லை. ஆனால் கோட்டைக்கு வெளியே, காவிரிக் கரையில், அவர் 1784-இல் கட்டி முடித்த வேனில் மாளிகையாகிய தரியா தௌலத் பாக் இன்றும் நிற்கிறது. கடற்செல்வத் தோட்டம் என்பது அப்பெயரின் பொருள்.

பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் தமிழர் எவரும் சீரங்கப்பட்டணத்தைத் தாண்டியே செல்லவேண்டும். காவிரி இரு கிளையாய்ப் பிரிந்து வளைத்த தீவு அது. அங்கே பள்ளிகொண்ட பெருமானை ஆதிரங்கன் என்றும், திருச்சி திருவரங்கத்தில் பள்ளிகொண்டவனை அந்திய ரங்கன் என்றும் வழங்குவது மரபு. ஒரே ஆறு இரு நாடுகளையும் இணைக்கிறது. அந்த ஆற்றங்கரை மாளிகையின் சுவர் ஒன்றிலே, தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் நடந்த பெரும்போர் தீட்டப்பெற்றுள்ளது என்பதைப் பலர் அறியார்.

மாளிகை வெளித்தோற்றத்தில் எளியது. உயர்ந்த மேடைமீது பெரும்பகுதியும் மரத்தால் ஆனது. வெயிலும் மழையும் ஓவியங்களைத் தாக்காதவாறு தாழ்வாரங்களில் தொங்கும் திரைகள் அதன் அழகை மறைத்துவிடுகின்றன. திரையைக் கடந்து உள்ளே நுழைந்தவுடன் கண்கள் திகைக்கின்றன. தூண், விட்டம், வளைவு, கூரை எங்கணும் பூவும் கொடியும். ஓரங்குல இடமும் வெறுமையாக விடப்பெறவில்லை. கீழைச் சுவரில் அக்கால மன்னர்களும் பாளையத் தலைவர்களும் தத்தம் அவையில் வீற்றிருக்கின்றனர். மேலைச் சுவரிலோ போர்.

அது 1780 செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் நிகழ்ந்த போர். ஆங்கிலேயர் 1769-இல் சென்னையில் ஹைதர் அலியோடு செய்த உடன்படிக்கையைக் காவாது கைவிட்டனர். 1779-இல், தம் காப்பில் உள்ளதாக ஹைதர் கருதிய மாகி துறைமுகத்தையும் கைப்பற்றினர். வெகுண்ட ஹைதர் 1780 ஜூலையில் பெரும்படையோடு கணவாய் வழியே ஆர்க்காட்டு நாட்டில் இறங்கினார். குண்டூரிலிருந்து வந்த கர்னல் பெய்லியின் படை, காஞ்சியில் தங்கியிருந்த சர் ஹெக்டர் மன்றோவின் படையோடு சேரவேண்டும் என்பது கம்பெனியாரின் திட்டம். கொசத்தலை ஆற்று வெள்ளம் பெய்லியைத் தடுத்து நிறுத்தியது. திப்பு அவரை இடைமறித்தார். ஹைதரும் வந்து சூழ்ந்தார். வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடிக்க, கம்பெனிப் படை நிலைகுலைந்தது. பெய்லி சிறைப்பட்டார். பீரங்கி ஓசை கேட்கும் தொலைவில் இருந்த மன்றோ, தம் கனத்த பீரங்கிகளைக் காஞ்சிக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

இவ்வனைத்தும் சுவரில் உள்ளன. செஞ்சட்டைப் படையினர் சதுர வியூகத்தில் நெருங்கி நிற்க, நடுவே பல்லக்கில் பெய்லி விரலை வாயில் வைத்தபடி இருக்கிறார். நாற்புறமும் மைசூர்க் குதிரைப்படை பாய்கிறது. வெடிமருந்து தீயாய் எழுகிறது. தலைகள் உருளும் அக்களத்தில் திப்பு, ரோஜா மலர் ஒன்றை முகர்ந்தபடி அமைதியாய் வருகிறார். வென்றவன் தன் வெற்றியைத் தானே எவ்வாறு காண விரும்பினான் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

குடும்பத்தோடு அங்கே சென்றிருந்தபோது, என் சிறுமகள் அச்சுவர் முன் நெடுநேரம் நின்றாள். பின்னர், "அப்பா, இதில் நம்மவர் யார்?" என்று கேட்டாள். வரலாற்று நூல்களில் விடை இல்லாத வினா அன்று அது. ஆனால் ஒரே சொல்லில் கூறத்தக்க விடையும் அதற்கு இல்லை. பெய்லியின் படையில் பெரும்பாலோர் வெள்ளையர் அல்லர். தமிழ், தெலுங்கு நாடுகளிலிருந்து கூலிக்குச் சேர்ந்த சென்னைச் சிப்பாய்களே. எதிர்ப்புறத்திலோ ஹைதரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த சேலம், கோவை, திண்டுக்கல் பகுதியினர் இருந்திருக்கக் கூடும். நிலம் நம்முடையது, கொடிகள் இரண்டும் பிறருடையவை, குருதி மட்டும் இருபுறமும் நம்முடையது.

என் தாயார் வேறொரு வினா எழுப்பினார். "எல்லாம் சரிதான் அப்பா, இதில் ஊர் எங்கே?" யானைகளும் குதிரைகளும் வீரர்களும் நிறைந்த அந்தப் பெருஞ்சுவரில் ஏர் பிடித்தவனையோ, நாற்று நட்டவளையோ எங்கள் கண்கள் காணவில்லை.

ஊர் வேறோரிடத்தில் இருக்கிறது. அப்போர்க்காலத்தில் வயல்கள் எரிந்தன, ஏரிகள் பாழாயின, பசி தாங்காத மக்கள் சென்னைக்கு ஓடிவந்தனர். அவர்களுக்குக் கஞ்சி வார்க்க 1782-இல் தொடங்கிய அறநிலையமே மணியக்காரர் சத்திரம். அதன் வழிவந்ததே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. வடசென்னை மக்கள் அதனைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று வழங்கியதன் காரணமும் இதுவே. மன்னர் சுவரில் எழுதாது விட்டதை மக்கள் ஒரு பெயரில் எழுதி வைத்தனர்.

புள்ளலூருக்கு இத்தகைய விதி புதிதன்று. ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் மகேந்திரவர்மன் தன் பெரும்பகைவரைப் புள்ளலூரில் அழித்தான் என்கிறது காசக்குடிச் செப்பேடு. சாளுக்கியன் புலிகேசி பல்லவனைக் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்கச் செய்தான் என்கிறது 634-ஆம் ஆண்டின் ஐஹொளெக் கல்வெட்டு. செப்பேடு பகைவனின் பெயரைச் சொல்லவில்லை. கல்வெட்டு புள்ளலூரின் பெயரைச் சொல்லவில்லை. அவரவர் வெற்றியை அவரவர் பொறித்துக்கொண்டனர். 1784-இன் சுவரோவியமும் அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கதே. 1781-இல் அங்கே மீண்டும் நிகழ்ந்த போரில் மாண்ட ஆங்கில அதிகாரிகள் இருவருக்குப் புள்ளலூரில் நினைவுத்தூண்கள் உள. சீரங்கப்பட்டணச் சிறையில் 1782-இல் இறந்த பெய்லிக்கும் அவர்தம் உறவினர் 1816-இல் நினைவகம் எழுப்பினார். கூலிக்கு உயிர் கொடுத்த சிப்பாய்களுக்கோ பெயர் பொறித்த கல் ஒன்றும் அக்களத்தில் இல்லை.

ஓவியத்தின் பிற்கால வரலாறு இன்னும் வியப்புக்குரியது. 1799 மே 4-இல் திப்பு போரிட்டு மாண்டார். அன்று கோட்டையைத் தாக்கிய படைக்குத் தலைமை தாங்கிய பெயர்டு, புள்ளலூரில் சிறைப்பட்டு அத்தீவிலேயே ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர். பின்னர் இம்மாளிகையில் குடியேறியவர், வாட்டர்லூவில் நெப்போலியனை வென்று வெலிங்டன் பிரபு எனப் புகழ்பெற்ற ஆர்தர் வெல்லெஸ்லி. சிதைந்திருந்த ஓவியங்களை அவர் புதுப்பிக்கச் செய்தார். மீண்டும் மங்கியபோது டல்ஹவுசி பிரபுவின் கட்டளைப்படி இந்நாட்டு ஓவியர் ஒருவர் அவற்றைத் திரும்பத் தீட்டினார். தம் இனத்தார் தோற்றோடிய காட்சியை வென்றவர்களே காத்துவைத்தனர்! பெருந்தன்மை என்பதா? தோற்றவன் இனி எழான் என்ற துணிவில் பிறந்த செருக்கு என்பதா? இரண்டும் கலந்தது என்று கொள்வதே பொருந்தும்.

அக்காட்சியகத்தில் தாமஸ் ஹிக்கி என்னும் ஓவியர் வரைந்த திப்புவின் மைந்தர்களின் பென்சில் ஓவியங்களையும் காணலாம். தந்தை மாண்டபின் அவர்கள் தமிழ்நாட்டு வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டனர். சமயக்குறி அணியலாகாது, புதுத் தலைப்பாகை தரிக்கவேண்டும் என்று கம்பெனி விதித்த ஆணைகளால் மனம் புண்பட்ட சென்னைச் சிப்பாய்கள், 1806 ஜூலை 10-ஆம் நாள் விடியுமுன் அக்கோட்டையில் கிளர்ந்தெழுந்தனர். கம்பெனியின் கொடியை இறக்கி, திப்புவின் புலிக்கொடியை ஏற்றினர். அன்று மாலைக்குள் நூற்றுக்கணக்கில் கொன்று குவிக்கப்பட்டனர். திப்புவின் மைந்தர் கல்கத்தாவிற்கு அனுப்பப்பட்டனர்.

புள்ளலூரில் கம்பெனிக்காக மைசூரை எதிர்த்து நின்றதும் சென்னைப் படை. இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் வேலூரில் மைசூர்க்கொடியை உயர்த்தியதும் அதே சென்னைப் படையினர். "நம்மவர் யார்?" என்ற வினாவிற்கு நாளொரு விடை உண்டு என்பதையே இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்துகின்றன. இன்று மாநில எல்லைகளை வைத்து அன்றைய மனிதரைப் பங்கிட்டுக் கொள்வது வரலாறு ஆகாது. மைசூரின் வெற்றி கன்னடர்க்கு மட்டும் உரியதன்று. புள்ளலூரின் துயரம் தமிழர்க்கு மட்டும் உரியதுமன்று.

காவிரிக்கு அப்பாலும் இப்பாலும் வாழ்ந்து, இரு மொழிகளையும் செவியுற்று வளரும் நம் பிள்ளைகளை அத்தோட்ட மாளிகைக்கு அழைத்துச் செல்க. சுவரில் உள்ளதை ஊன்றிப் பார்க்கக் கற்பிக்க. அதனினும் மேலாக, சுவரில் இல்லாதவர் யார் என்று கேட்கக் கற்பிக்க. வாளேந்தியவனின் வெற்றிக்குச் சுவர் கிடைத்தது. கஞ்சிக்குக் கையேந்தியவனின் பசிக்கு ஒரு பெயரே கிடைத்தது. இரண்டையும் ஒருங்கே நினைவில் வைப்பவனே வரலாறு கற்றவன்.