கிடை போட்ட காலம்

அறுவடை முடிந்த மாசியில் ராமநாதபுரம், சிவகங்கைக் கீதாரிகள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் நடப்பார்கள். ஆத்தங்குடியில் என் அப்பா வழிமறிப்பார்: "கோனாரே, நம்ம செய்யில ரெண்டு ராத்திரி கிடை போட்டுட்டுப் போங்க." புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு, கூலி நெல் கீதாரிக்கு. யூரியா மூட்டை வந்தபின் அந்தப் பேச்சு தேய்ந்தது.

திரும்பும் நாளை மேட்டூர் தீர்மானித்தது. அணை 1934-இல் வந்தது. ஜூன் 12 திறப்பு நாளாக வழக்கமானது. தண்ணீர் பாயுமுன் மந்தை வெளியேற வேண்டும். இப்போது ஆழ்துளைக் கிணற்றை நம்பிக் கோடையிலும் நெல் நடுகிறார்கள். மேய்ச்சலுக்குத் தரிசு குறைவு. எங்கள் பக்கக் கண்மாய்களிலோ சீமைக்கருவேலம். அதன் நெற்றைத் தின்று விதையைப் பரப்பியதில் ஆட்டுக்கும் பங்குண்டு. வறட்சியில் ஆட்டைக் காப்பாற்றுவதும் அதே நெற்றுதான், யாரைத் திட்டுவது?

பருவம் தவறிக் கொட்டும் மழை வேறு. ஈரத்தில் கிடந்தால் ஆட்டுக்குக் குளம்பு அழுகும்.

வலசை வழி குறுகுவது எங்கள் ஆடுகளுக்கு மட்டுமில்லை. கனடாவின் பாதர்ஸ்ட் காரிபூ மான் மந்தை 1986-இல் ஏறத்தாழ 4,70,000. 2021-இல் 6,000 சொச்சம். அங்கே வைரச் சுரங்கமும் அதற்குப் போட்ட சாலையும் வலசைப் பாதையில் குறுக்கிட்டன, பனியும் முன்போல இல்லை. அந்த மான்களுக்கு லாரி கிடையாது. எங்கள் கீதாரிகளில் வசதியுள்ளவர்கள் ஆடுகளை லாரியில் ஏற்றுகிறார்கள். நடந்தால் வழியெல்லாம் மேய்ந்திருக்கும். இதில் வாடகைதான் மிச்சம்.