எறும்புத் தலையும் எமது பெருமையும்

மீலாத் மேடைகளிலும் பாடசாலை மலர்களிலும் நாம் அடிக்கடி செவியுறும் கூற்று ஒன்றுண்டு. சத்திர சிகிச்சையின் தந்தை அபுல் காஸிம் அல்-ஸஹ்ராவி. குடற்காயத்தை எறும்பின் தலையால் மூடும் முறையை முதன்முதலில் கண்டுபிடித்தவரும் அவரே என்பது அக்கூற்று. இதன் முற்பகுதியிலே நியாயமுண்டு. பிற்பகுதி தவறு. தவறென்று நமக்கு உணர்த்துபவர் வேறெவருமல்லர், ஸஹ்ராவியேதான்.

குர்துபாவுக்கு அருகே மூன்றாம் அப்துர் ரஹ்மான் 936இல் கட்டத் தொடங்கிய மதீனதுஸ் ஸஹ்ரா என்னும் அரண்மனை நகரின் பெயரே அவருடைய பெயராயிற்று. 30 பாகங்களைக் கொண்ட 'கிதாபுத் தஸ்ரீப்' என்ற பெருநூலைக் கி.பி. 1000 அளவில் அவர் நிறைவு செய்தார். இறுதிப் பாகம் முழுவதும் சத்திர சிகிச்சை பற்றியது. சூடுபோடுதல், கத்தி வைத்தல், எலும்பு முறிவு என அது மூன்றாகப் பிரிகிறது. ஏறத்தாழ 200 கருவிகள் அதில் படங்களாக வரையப்பட்டுள்ளன.

வயிறு கிழிந்து குடலிலே காயம் பட்டவனை என்ன செய்வது? காயம் சிறிதாயின், பெரிய தலையுடைய எறும்புகளைப் பிடிக்க வேண்டும். காயத்தின் இரு விளிம்புகளையும் ஒன்றுசேர்த்து, வாயைத் திறந்த எறும்பை அதன்மீது வைக்க வேண்டும். அது கவ்வியதும் உடலை வெட்டிவிட்டால் தலை அவ்விடத்திலேயே பற்றி நிற்கும். அதனருகே அடுத்த எறும்பு. இப்படியே காயம் மூடப்படும். இதனை எழுதும் ஸஹ்ராவி, அனுபவ வைத்தியர் சிலர் கூறும் முறையென்றே அறிமுகப்படுத்துகிறார். தனது கண்டுபிடிப்பு என்று சொல்லவில்லை. விலங்குக் குடலிலிருந்து எடுக்கும் மெல்லிய இழையை ஊசியில் கோத்துத் தைக்கலாம் என்றும் தொடர்ந்து எழுதுகிறார்.

இந்தியாவின் சுஸ்ருத சம்ஹிதையும் குடற்காயத்துக்குக் கறுப்பெறும்பைச் சொல்கிறது. அந்நூல் பர்மக்கியர் காலத்தில் பக்தாதிலே அறபுக்கு வந்ததை இப்னு நதீமின் 'பிஹ்ரிஸ்த்' பதிவு செய்துள்ளது. ஆகவே, முதன்மை கோரி மார்தட்டும் இடம் இதுவன்று.

ஸஹ்ராவியின் நூலும் ஓரிடத்தில் நின்றுவிடவில்லை. 12ஆம் நூற்றாண்டிலே தொலைதோ நகரில் ஜெராட் ஒப் கிரெமோனா அதன் சத்திர சிகிச்சைப் பாகத்தை லத்தீனுக்குப் பெயர்த்தார். 1465இல் அனத்தோலியாவின் அமாஸ்யாவில் ஷரபுத்தீன் ஸபூன்ஜூ ஓக்லு அதனைப் பெரிதும் தழுவித் துருக்கி மொழியில் எழுதி, வைத்தியரையும் நோயாளியையும் படமாக வரைந்து சேர்த்தார். 1778இல் ஒக்ஸ்போர்டிலே அறபு மூலம் லத்தீன் பெயர்ப்புடன் அச்சேறியது.

எறும்பு செய்த வேலையைப் பின்னர் உலோகம் செய்யத் தொடங்கியது. 1908இல் புடாபெஸ்டில் ஹுமேர் ஹுல்ட்ல் என்ற வைத்தியர், இரைப்பையை உலோகக் கம்பிகளால் இறுக்கி மூடும் பொறியைப் பயன்படுத்தினார். அதன் எடை 3 கிலோவுக்கும் அதிகம். பின்னர் அதே நாட்டவரான அலடார் பெட்ஸ் இலகுவான பொறியொன்றை ஆக்கினார். இன்றோ வயிற்றைத் திறவாமலே வாய்வழியாக உட்காட்டிக் குழாயைச் செலுத்தி, இரைப்பை உணவுக்குழாயோடு சேருமிடத்தில் தசையை மடித்து, அம்மடிப்பு விரியாதபடி சிறு பிடிப்பான்களால் நிறுத்துகிறார்கள். அமிலம் மேலெழுந்து வருத்தும் நோய்க்கு இது ஒரு சிகிச்சை. துணிக்கடையிலே சட்டையில் விலைத்துண்டைத் தொங்கவிடும் பிளாஸ்டிக் இழையை நாம் கண்டிருக்கிறோம். ஊசிக்குள்ளே நீளவாக்கில் ஒடுங்கிச் செல்லும் அதன் முனை, மறுபுறம் வந்ததும் குறுக்கே திரும்பி நின்றுகொள்கிறது. இப்பிடிப்பான்களிற் பலவற்றின் தந்திரமும் இதுவே. தளர்ந்தால் மடிப்பு அவிழும். மிக இறுகினால் இரத்த ஓட்டம் நின்று தசை அழுகும். பிடிக்கவும் வேண்டும், உயிரோடு விடவும் வேண்டும் என்ற சிக்கலுக்கு ஆயிரம் ஆண்டுகளாக விடை தேடப்படுகிறது.

இவற்றில் எமது பங்கு எங்கே எனச் சிலர் வினவலாம். ஸஹ்ராவி தம் நூலின் சத்திர சிகிச்சைப் பாகத்துக்கு எழுதிய முன்னுரையைப் படித்தால் விடை கிடைக்கும். தம் மாணவரைப் பிள்ளைகளாகப் பாவித்து எழுதும் அவர், தம் காலத்து அந்தலூசியாவில் இக்கலை நலிந்து கிடப்பதை மறைக்கவில்லை. பெண்ணொருத்தியின் கழுத்துக் கட்டியை அறியாத வைத்தியன் ஒருவன் அறுக்க, நாடிகள் வெட்டுண்டு அவள் அவன் கையிலேயே இரத்தம் பெருகி இறந்ததைக் கண்ணால் கண்டதாக எழுதுகிறார். உடற்கூறு அறியாதவன் கத்தியைத் தொடலாகாது என்பதே அவர் சொல்லும் பாடம்.

தம் சமூகத்தின் குறையை ஏட்டிலே எழுதினார். பிறரது முறையைப் பிறரது என்றே குறித்தார். அவர் கோராத புகழை அவர்மீது சுமத்தும்போது, அவருடைய இந்த நேர்மையை நாம் இழந்துவிடுகிறோம். அடுத்த மீலாத் மேடையில் எறும்புக் கதையைச் சொல்லப்போகும் மாணவனுக்கு, 'சிலர் கூறுவர்' என்ற அவருடைய அந்தச் சிறு சொல்லையும் சேர்த்துச் சொல்லக் கற்றுக்கொடுப்போம்.