காரைக்குடி மாநகராட்சியும் நம் தெருவும்

கீழச்சிவல்பட்டியின் வளவு வீடுகளைப் பார்த்தவர்கள், இது ஒரு கிராம ஊராட்சி என்றால் லேசில் நம்ப மாட்டார்கள். ஆனால் சட்டம் வீட்டைப் பார்ப்பதில்லை. தலையை எண்ணுகிறது, வருமானத்தைப் பார்க்கிறது. பேரூராட்சிக்கு 5,000 பேர், நகராட்சிக்கு 30,000 பேர் என்பது நெடுநாள் இருந்த அளவு.

அந்த எண்ணும் கல்லில் வெட்டியதல்ல. 2004இல் தமிழ்நாட்டின் பெரும்பாலான பேரூராட்சிகள் 'சிறப்பு கிராம ஊராட்சி' ஆக்கப்பட்டன. 2006இல் மீண்டும் பேரூராட்சி ஆயின. மக்கள் எங்கும் குடிபெயரவில்லை. கிராமம் என்றால் ஒன்றிய அரசின் ஊரக நிதி கிடைக்கும், அவ்வளவுதான் கணக்கு.

தலையை எண்ணினார்களே தவிர, எல்லாத் தலைக்கும் ஓட்டு இருக்கவில்லை. 1884ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்தில் வரி கட்டியவருக்கே வாக்கு. சொத்து இல்லாமல் ஆக்கப்பட்ட நாம் மக்கள்தொகையில் உண்டு, வாக்காளர் பட்டியலில் இல்லை. பொதுச்சாலை, கிணறு, குளம் எல்லாருக்கும் பொது என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். நான்கு ஆண்டு கழித்து, 1928இல், காரைக்குடி நகராட்சி ஆனது.

அதற்கு இரண்டே ஆண்டில், அன்று காரைக்குடியையும் உள்ளடக்கியிருந்த அதே இராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிக்கச் சாதி நாட்டார்கள் நம்மவர்கள் மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். நகை போடக்கூடாது, முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக்கூடாது, மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக்கூடாது, குடையும் செருப்பும் கூடாது, பெண்கள் மேலுடம்பை மறைக்கக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. இதைப் பதிவுசெய்தவர் ஹட்டன். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர். ஊரை நகரம் என்றும் கிராமம் என்றும் பிரிக்க எண் தந்த அதே அதிகாரி!

கிராமத்தைப் புகழ்ந்தவர்களுக்கு 1948இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பதில் சொன்னார். கிராமத்தை அல்ல, தனிமனிதரை அலகாகக் கொண்டார். அந்த வழியில் வந்த நாம் நகரமாவதை எதிர்ப்பவர்கள் அல்ல. என்ன விலைக்கு என்பதே கேள்வி.

2011 கணக்கில் காரைக்குடி நகராட்சியில் 1,06,714 பேர். 2024இல் கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளையும் சங்கராபுரம் உள்ளிட்ட ஊராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள். நகர்ப்புற உள்ளாட்சிக்குள் வந்த இடம் ஊரகம் ஆகாது என்றது 2005ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டம். எல்லைக்கோடு நகர்ந்த அன்றே வேலை அட்டை வெறும் அட்டை. அந்த வேலைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நம் தெருப் பெண்களுக்கு, பண்ணையாரிடம் 'இந்தக் கூலிக்கு வரமாட்டேன்' என்று சொல்ல வைத்த வேலை அது.

இன்னொன்றும் போகிறது. ஊராட்சித் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள்; சுழற்சியில் அந்த நாற்காலி நமக்கும் வரும். பக்கத்து மேலூர் வட்டத்து மேலவளவில் அதில் உட்கார்ந்ததற்காகத்தான் 1997 ஜூன் 30 அன்று முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஊராட்சி மாநகராட்சியில் கரைந்தால் அந்த நாற்காலியே இல்லை. மிஞ்சுவது சில வார்டுகள்; மேயரைத் தேர்ந்தெடுப்பது கவுன்சிலர்கள். வார்டு எல்லை நம் குடியிருப்பை இரண்டாக வெட்டிப் போனால் ஒரு கவுன்சிலரும் கிடைக்க மாட்டார்.

2027இல் அடுத்த கணக்கெடுப்பு. அந்த எண்களைக் காட்டி இன்னும் பல ஊராட்சிகளை நகரத்தோடு சேர்ப்பார்கள். இணைப்பு அறிவிப்பு வந்தால் வார்டு வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். கோடு நம் தெருவில் எங்கே விழுகிறது என்று பார்த்து, கெடு முடியுமுன் ஆட்சேபணையை எழுதிக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள்.