கள் விகுதியும் வல்லினம் மிகுதலும்

கள் என்பது தமிழில் பன்மையை உணர்த்தும் விகுதி ஆகும். வாழ்த்துகள், வாழ்த்துக்கள் ஆகிய வடிவங்களில் எது சரி என்பது நெடுநாளைய விவாதம்.

பாபநாசத்தை அடுத்த பொதிகை மலையில் வாழ்ந்ததாகக் கூறப்படும் அகத்தியரின் இலக்கணம் முழுமையாகக் கிடைக்கவில்லை. கிடைத்துள்ளவற்றுள் மிகப் பழைய தொல்காப்பியம் இவ்விகுதியை அஃறிணைப் பெயர்களுக்கே கூறுகிறது. திருக்குறளிலோ இது உயர்திணைச் சொற்களோடும் வந்துள்ளது.

பூக்கள், பசுக்கள் என்பவற்றில் ககரம் மிகும். ஆறுகள், வீடுகள் என்பவற்றில் மிகாது. இவற்றில் கருத்து வேறுபாடு இல்லை. எழுத்து, வாழ்த்து போன்ற வன்தொடர்க் குற்றியலுகரச் சொற்களிலேயே சிக்கல் எழுகிறது. எழுத்துக்கலை என்பதுபோல் எழுத்துக்கள் என மிகுதலே முறை என்பர் ஒரு சாரார். கள் தனிச்சொல் அன்று, விகுதியே; ஆதலால் அவ்விதி இங்குப் பொருந்தாது என்பர் மறுசாரார். வாழ்த்துக்கள் என எழுதினால் மதுவைக் குறிக்கும் என்ற வாதமும் உண்டு. அது வலுவற்றது, அவ்வாறாயின் யாவரும் ஏற்கும் பூக்கள் என்பதும் பூவிலிருந்து இறக்கிய கள்ளாகிவிடும். அச்சில் இரு வடிவங்களும் வழங்குகின்றன.