ஏஐக்கு ஏஐயே பாடம் எழுதினால் என்ன ஆகும்?

ஏஐயிடம் தமிழில் கேள்வி கேட்கிறீர்கள். அது பதில் சொல்கிறது. அப்படிப் பதில் சொல்லக் கற்றுக்கொடுத்த பாடத்தை எழுதியது இன்னொரு ஏஐயாக இருக்கலாம், தெரியுமா?

அதற்குப் பெயர் செயற்கைத் தரவு.

ஏன் தேவை?

மொழி மாதிரி முதலில் இணையத்தில் உள்ளதைப் படித்துத் தள்ளும். அது மட்டும் போதாது. "இதைச் சுருக்கு", "கடிதம் எழுது" என்று சொன்னால் எப்படிப் பதில் தர வேண்டும் என்பதை உதாரணங்கள் காட்டிப் பழக்க வேண்டும். அதுதான் ஃபைன்-டியூனிங். ஆயிரக்கணக்கான உதாரணங்களை மனிதர்களே எழுதினால் நேரமும் பணமும் கரையும்.

எப்படிச் செய்கிறார்கள்?

2023 மார்ச்சில் ஸ்டேன்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட அல்பாக்காவை எடுத்துக்கொள்ளுங்கள்.

• மனிதர்கள் எழுதிய உதாரணங்கள்: 175
• அவற்றை ஓப்பன்ஏஐயின் மாதிரியிடம் காட்டி, "இதேபோல் இன்னும் எழுது" என்று கேட்டுப் பெற்றவை: 52,000
• அதற்கான செலவு: 500 அமெரிக்க டாலருக்கும் குறைவு

அவற்றைக் கொண்டு மெட்டாவின் லாமா மாதிரியைப் பழக்கினார்கள். அல்பாக்கா நன்றாகவே பேசியது. ஆனால் தான்சானியாவின் தலைநகரம் டார் எஸ் சலாம் என்று அடித்துச் சொன்னது. சரியான விடை டொடோமா!

என்ன ஆபத்து?

நகலையே மறுபடி மறுபடி நகல் எடுத்தால் எழுத்து மங்கும் அல்லவா? இங்கும் அதே கதைதான். ஏஐ எழுதியதையே தலைமுறை தலைமுறையாக ஏஐக்குக் கொடுத்தால், அரிதான விவரங்கள் முதலில் மறையும், பிறகு பதிலே உளறலாகிவிடும் என்று 2024இல் நேச்சர் சஞ்சிகையில் வந்த ஆய்வு காட்டியது.

தமிழுக்கு?

ஏஐ சிங்கப்பூர் உருவாக்கிய சீ-லயன் மாதிரிக்குத் தமிழும் தெரியும். ஆனால் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் இணையத்தில் தமிழ் குறைவு. அதனால் ஆங்கில உதாரணங்களை இயந்திரத்தை வைத்தே மொழிபெயர்க்கத் தோன்றும்.

அங்கேதான் சிக்கல். ஆங்கிலத்தில் 'யூ' ஒன்றுதான். நமக்கோ நீ வேறு, நீங்கள் வேறு. "சார், நீ சாப்பிட்டாயா?" என்று பாடத்தில் இருந்தால், அதைப் படிக்கும் மாதிரி அதுவே சரி என்று நினைத்துக்கொள்ளும்.

அப்போ செயற்கைத் தரவே வேண்டாமா? அப்படியில்லை. தொடக்க உதாரணங்களைத் தமிழ் பேசுபவர்கள் எழுத வேண்டும். ஏஐ எழுதித் தருவதை அவர்களே சலித்தெடுக்க வேண்டும். மனிதர் எழுதிய தமிழையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

ஏஐ தரும் தமிழைப் படித்து, "யாருமே இப்படிப் பேச மாட்டாங்களே!" என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? அப்படிச் சொல்லத் தெரிந்தவர்கள்தான் இந்த வேலைக்குத் தேவை.